கன்னத்தில் ஒரு சதுரம்

காலை ஒன்பது மணிக்கு அமேலி போட்ட சத்தத்தில் முத்தியால்பேட்டைத் தெருவே அந்த வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. அம்மா ஜொசியான் சாவதற்கு முன் கடைசியாக வரைந்த படத்தை யாரோ கீறியிருந்தார்கள். மறுநாள் பிரான்சுக்குத் திரும்பும் அமேலி, அம்மாவின் நினைவாகக் கொண்டுபோக இருந்ததே அந்தப் படம் ஒன்றைத்தான்.

இன்ஸ்பெக்டர் மேனகா படத்தின் முன்னால் நின்றார். வைத்திக்குப்பம் கடற்கரை. படகோரம் ஒரு தாய், அவள் கையைப் பிடித்து நடக்கும் சிறுமி. இருவரையும் சுற்றிப் பெரிய முக்கோணம், சிறுமியின் முகத்தைச் சுற்றி வட்டம். இரண்டும் கூரான முனையால் கீறியவை. சிறுமியின் கன்னத்தில் மட்டும் நகமளவு சதுரத்துக்குப் பளபளப்பு போயிருந்தது.

சுவரில் ஜொசியானின் பழைய படங்கள். அவற்றில் வண்ணத்துக்கு அடியில் பென்சில் கோடுகள் மங்கலாகத் தெரிந்தன. குடும்பத்துக்கு முக்கோணம், குழந்தைக்கு வட்டம்.

"இந்தக் கோடெல்லாம் யாரு போடுவாங்க?"

"பப்பாதான். கட்டட வரைபடம் போடற டிராஃப்ட்ஸ்மேனா இருந்தவரு. அவரு கோடு போட்டுக் குடுத்தாதான் அம்மா பிரஷ்ஷையே எடுப்பாங்க," என்றாள் அமேலி. "கடைசிப் படத்துல மட்டும் அடியில கோடே கிடையாது. எல்லாம் இவரு பேச்சக் கேட்டு!"

அவள் கை காட்டிய ஃபாபிரிஸும் ஓவியர், ஜொசியானின் நண்பர். படம் இருந்த இந்த மாடி அறையின் சாவி ஒன்று அவரிடமும் உண்டு.

"கோட்ட விட்டுட்டு வரைஞ்சு பாருங்க மதாம்னு சொன்னதே நான்தான். அந்தப் படத்த நானே கீறுவனா?"

"படத்த எனக்குக் குடுத்துட்டாங்கன்னு உங்களுக்குக் கோவம். மேடம், இவரு மேல கேஸ் போடுங்க."

மேனகா ஃபாபிரிஸிடம் திரும்பினார். "நீங்க வட்டம் எப்படிப் போடுவீங்க?"

"வெறுங்கையாலதான். காம்பஸ நான் தொட்டதே இல்ல."

மேனகா பழைய படங்களை மறுபடி ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு மூலையில் உட்கார்ந்திருந்த அமேலியின் அப்பா சுப்ராயனிடம் போனார். மனைவி போனதிலிருந்தே அவருக்குப் பேச்சு குறைந்துவிட்டிருந்தது.

"ஐயா, இது காம்பஸ்ல போட்ட சுத்தமான வட்டம். அதோட ஊசி நட்ட நடுவுல ஓட்டை போடணுமே. பழைய படங்கள்ல ஓட்டை இல்ல, இதுலயும் இல்ல. துணி கிழியக் கூடாதுன்னு நடுவுல டேப் ஒட்டிக்குவீங்களா?"

சுப்ராயன் தலையாட்டினார்.

"படத்தக் கெடுக்க வந்தவன் டேப் ஒட்டிட்டா கீறுவான்? அது கைப்பழக்கம். கன்னத்துல பளபளப்ப உரிச்சது அந்த டேப்புதான். கீறினது நீங்க."

அமேலி அப்பாவின் எதிரில் போய் நின்றாள். "பப்பா... ஏன்?"

"நாப்பது வருஷமா அவ படத்துல நானும் இருந்தேம்மா. இதுல நான் இல்ல. என்னக் கழட்டி விட்டுட்டுப் போயிட்டாளேன்னு மனசு தாங்கல. மூக்குக் கண்ணாடியக் கழட்டிட்டு, படத்தோட ஓரத்துலேந்து எப்பவும் போல அளந்து கீறிட்டேன். படத்த நான் பாக்கவேயில்ல."

"இப்பப் பாருங்க," என்றார் மேனகா.

சுப்ராயன் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். முக்கோணத்தின் ஒரு பக்கம் தாயின் முந்தானை ஓரத்தின் மேலேயே ஓடியது, மறுபக்கம் படகின் விளிம்பின் மேல். வட்டத்தின் நட்ட நடுவில் மகளின் முகம். கோடு இல்லாமல் வரைந்த ஜொசியான், சுப்ராயன் வழக்கமாகக் கோடு போடும் இடத்தில்தான் ஒவ்வொன்றையும் வைத்திருந்தார்.

"இருந்திருக்கேனே," என்று வாய்விட்டு அழுதார் சுப்ராயன். "நானும் இதுல இருந்திருக்கேனே!"

சட்டை நுனியால் கீறலைத் துடைக்க ஆரம்பித்தார். அமேலி அருகில் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.