உள்ளே வைத்துத் தைத்தது

மதியச் சாப்பாடு முடிந்த நேரத்தில் அந்தக் கார் கடைக்கு வந்தது. கார்களுக்கு சீட் கவர் தைப்பவன் நான். பார்த்ததுமே என் தையல் என்று தெரிந்துவிட்டது. இரண்டு வருடம் ஆகியும் ஒரு சுருக்கம் இல்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இப்போது அதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருக்கிறது.

"பின் சீட் கவரை மாத்திக் குடுங்க. விக்கப் போறேன்," என்றார் சொந்தக்காரர். "என் வீட்டுக்காரி இதுலதான் போனா. பின்னாடி உக்காந்திருந்தா. பிரேக் அடிச்சதும் முன் கண்ணாடியில வந்து..."

"பெல்ட்டு..." என்று இழுத்தேன்.

"போடுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். மாட்டுற இடத்தைக் காணோம்னா. சாக்குச் சொல்லாதடின்னு கத்திட்டேன். கடைசியா அவகிட்ட பேசினது அதுதான். பிடிவாதக்காரி சார் அவ."

பெல்ட்டை மாட்டும் பூட்டு இடுப்பில் குத்துகிறதென்று எல்லோரும் குறை சொல்வார்கள். அதனால் அதைக் கவருக்குள் தள்ளித் தைத்துவிடுவது எங்கள் கடை வழக்கம். பின்னால் யார் பெல்ட் போடுகிறார்கள் என்ற நினைப்புதான்.

பிளேடை எடுத்துக்கொண்டு பின் சீட்டில் ஏறினேன். கதவைச் சாத்தியதும் தெருச் சத்தம் அடங்கிப்போனது. தலைக்குக் குளித்த ஈரக் கூந்தலின் வாசனை வந்தது.

சர்ர்...

நகத்தால் துழாவும் சத்தம்.

என் பக்கத்தில் ரெக்சின் ஐந்து இடங்களில் குழிந்தது. குழிகள் நகர்ந்தன. சீட்டின் இடுக்கெல்லாம் தேடின.

"இங்கதானே இருக்கணும்?" என்றது காதோரம் ஒரு பெண் குரல்.

தையலை அறுத்தேன். ஒரு தடவைகூட மாட்டப்படாத பூட்டு, புத்தம் புதிதாக வெளியே வந்தது.

எதுவும் சொல்லாமல் புதுக் கவரைப் போட்டு அனுப்பிவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அப்படி யோசித்ததுதான் எல்லாவற்றையும்விடக் கேவலம்.

இறங்கி அவர் முன்னால் போய் நின்றேன். "அவங்க சாக்குச் சொல்லல சார். பூட்டை நான்தான் உள்ள வெச்சுத் தைச்சேன்."

அடிப்பார் என்று காத்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. திறந்த கதவு வழியாகப் பின் சீட்டைப் பார்த்து, "மன்னிச்சுடும்மா," என்றார்.

ஓரத்தில் தொங்கிய பெல்ட் தானாக நீண்டது. ஆளில்லாத இடத்தைச் சுற்றி வந்தது.

டக்.

கவர் வேண்டாம், காரை விற்கப்போவதும் இல்லை என்று சொல்லிவிட்டு அவர் மெதுவாகக் காரை எடுத்தார். என்னைத் தாண்டிப் போகையில் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வெறும் சீட்டின் முன்னால் அந்த பெல்ட், யாரோ மூச்சு விடுவதுபோல மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.