ஐந்தாவது பள்ளம்

பெரணமல்லூரைத் தாண்டி இரண்டு மைல் போனால் புளியந்தோப்புக்குள் அந்தப் பழைய பங்களா. 1978 ஆவணியில், நல்ல வெயில் நேரத்தில், ஆரணியிலிருந்து பஸ் பிடித்து வந்து அங்கே இறங்கினான் சம்பந்தம்.

பட்டுச் சேலை வியாபாரம் அவன் தொழில். பழைய வேட்டைத் துப்பாக்கி என்றால் பைத்தியம். துருப்பிடித்து யாரோ பரணில் போட்டு மறந்ததை முறைப்படி லைசென்ஸ் மாற்றி வாங்கி வந்து, மாதக்கணக்கில் உட்கார்ந்து புதுசாக்கிவிடுவான். வீட்டில் ஏற்கனவே இரண்டு இருந்தன. இது மூன்றாவது.

பங்களாக்காரர் செத்துப்போய், வாரிசுகள் மெட்ராஸில் இருந்தார்கள். பங்களாவில் இருந்தவள் வேலைக்காரி பாஞ்சாலை மட்டும். வௌவால் புழுக்கை நாறும் கூடத்தைக் கடந்து, பழைய சேலையில் சுற்றிய துப்பாக்கியைத் தன் உடம்பில் படாமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தாள்.

அவிழ்த்ததும் சம்பந்தம் அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான். இங்கிலாந்தில் செய்த இரட்டைக் குழல். குழல் இரும்பில் பட்டுக்கரை மாதிரி நெளிநெளியாக வரிகள். குறையெல்லாம் வால்நட் மரக் கட்டையில்தான். தோளில் பதியும் முனையை ஒட்டி ஐந்து பள்ளங்கள், எதிலோ ஓங்கி ஓங்கி இடித்த மாதிரி.

"உங்க ஐயா இதுல எத்தினி புலி சுட்டாரு?" என்று சிரித்தான்.

"சுட்டு ஒண்ணும் சாவலீங்க" என்றாள் பாஞ்சாலை. பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆரணி வீட்டின் பின்கட்டில் வேலை தொடங்கியது. அடிபட்டு உள்வாங்கிய மரத்தைச் செதுக்கக் கூடாது. பள்ளத்தின் மேல் ஈரத்துணியை விரித்து, சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்த வேண்டும். ஆவி உள்ளே இறங்கும். நசுங்கிக் கிடந்த நார் உப்பி மேலே வரும். சேலைக்கு மடிப்பு வைக்கும் கரிப்பெட்டியையே இதற்கும் வைத்திருந்தான்.

முதல் பள்ளத்தில் வைத்தான். 'ஸ்ஸ்' என்று ஆவி கிளம்பியது. அதோடு ஒரு வாசனை. மருக்கொழுந்தும், தலைக்குத் தேய்க்கும் எண்ணெயும். துணியை எடுத்தபோது மரம் வழவழவென்று இருந்தது.

அன்று சாயங்காலம் காபி கொடுக்க வந்த அவன் மனைவி ஜெயத்தின் மேல்கையில், கோழிமுட்டை அளவுக்குக் கன்றிப்போன ஒரு நீலம்.

"எங்க இடிச்சிகினேன்னே தெரிலீங்க."

இரண்டாவது பள்ளத்தை எடுத்த அன்றைக்குத் தோளில். மூன்றாவதற்கு முதுகில், மல்லாந்து படுக்க முடியாமல் தவித்தாள். நான்காவது எழுந்த பகலில், சமையலறையில் விலாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் காயங்களைப் பார்த்தார். பிறகு சம்பந்தத்தைப் பார்த்தார்.

"வீட்ல சண்டையா?"

"ஐயோ, இல்லீங்க."

டாக்டர் மருந்துச் சீட்டை எழுதி நீட்டினார். இரண்டே நாளில் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. அவன் நடந்துபோனால் தறிச் சத்தம் ஒவ்வொரு வீடாக நின்றது. அவன் தாண்டியபின் மறுபடி கேட்டது.

அந்த வாரம் ஜெயத்தின் விலாவில் மருந்து தடவும்போதுதான் பார்த்தான். காயத்தின் ஓரம் பிறை மாதிரி வளைந்து, நடுவில் ஒரு கீறல். நான்காவது பள்ளமும் அச்சு அசல் இப்படித்தான் இருந்தது.

எழுந்து பின்கட்டுக்குப் போய்க் கட்டையைத் திருப்பிப் பார்த்தான்.

மிச்சம் ஒன்று இருக்கிறது. இருந்ததிலேயே ஆழமானது.

மறுநாளே பங்களாவுக்கு ஓடினான். பாஞ்சாலை அவன் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"ஐயாவுக்குக் கோவம் வந்தா துப்பாக்கியத் திருப்பிப் புடிச்சிப்பாரு. அம்மா வாயத் தொறக்க மாட்டாங்க. பட்ட வலியெல்லாம் அந்த மரம் வாங்கி வச்சிகினு இருந்துச்சு. நீங்க இன்னாத்துக்குங்க அத வெளிய எடுத்தீங்க?"

"கடைசி அடி எங்க பட்டுது?"

பாஞ்சாலை தன் பின்மண்டையைத் தொட்டுக் காட்டினாள். "அதுக்கப்புறம் அம்மா எந்திரிக்கலீங்க."

"திருப்பி இங்கயே வச்சிடறேன்."

"வேணாங்க. நானே இன்னிக்கி கெளம்பறேன். வலி வெளிய வந்தப்புறம், அது இருக்கிற வூட்ல இருக்க என்னால ஆவாது."

அதன்பின் சம்பந்தம் கட்டையைத் தொடவில்லை. துணியில் சுற்றிப் பீரோவில் பூட்டினான். ஐந்தாவது பள்ளம் அப்படியே கிடந்தால் போதும்.

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது.

ஊரே ஊறியது. தறியில் பாவு நூல் நமத்துப்போய் நெசவே ஓடவில்லை. சுவரில் கை வைத்தால் ஈரம். ஒரு காலையில் பீரோவைத் திறந்து கட்டையைத் தடவினான்.

பள்ளம் ஆழம் குறைந்திருந்தது.

ஆவி தேவையில்லை. ஈரக்காற்றே போதும்.

"பின்னந்தலை கல்லு மாதிரி கனக்குதுங்க" என்றாள் ஜெயம் அன்று.

ஈரத்தை இழுக்கட்டும் என்று கட்டையை அரிசிப் பானையில் புதைத்தான். வறுத்த மணலில் வைத்தான். சுத்தியால் பள்ளத்தின் மேலேயே அடித்தான். சுத்திதான் எகிறியது, மரத்தில் தடம்கூட விழவில்லை. தினமும் சுண்டுவிரலை வைத்து அளந்தான். விரல் தினமும் கொஞ்சம் மேலேயே நின்றது.

பத்தாம் நாள், கொட்டும் மழையில், நடுப்பகலில் ஒரு முடிவுக்கு வந்தான். குழலிலிருந்து கட்டையைத் தனியாகக் கழற்றினான். வெந்நீர் அடுப்பில் விறகு தகதகவென்று எரிந்துகொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு உள்ளே செருகினான். சாம்பலாகட்டும். மரமே இல்லாவிட்டால் பள்ளம் ஏது?

'ஸ்ஸ்ஸ்ஸ்.'

அந்தச் சத்தம் அவனுக்குத் தெரிந்த சத்தம்.

ஊறிய மரம். நெருப்பு. ஆவி.

மருக்கொழுந்து வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. வெறும் கையை அடுப்புக்குள் விட்டு இழுத்தான். கை வெந்தது. கட்டை கருகக்கூட இல்லை. கண்ணாடி மாதிரி வழவழவென்று, ஒரு பள்ளமும் இல்லாமல் பளபளத்தது.

உள்ளே பாத்திரம் உருண்டது.

"ஜெயம்!"

கட்டையைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினான்.

சமையலறை வாசலில் குப்புறக் கிடந்தாள். பக்கத்தில் படி இல்லை, அம்மி இல்லை, இடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை.

வழுக்கி விழுந்ததில் மண்டை உடைந்தது என்று எழுதினார்கள். அதை எழுதி முடிக்க விசாரணை இரண்டு மாதம் இழுத்தது. மூன்று துப்பாக்கியையும் போலீஸ் எடுத்துக்கொண்டு போனது. சம்பந்தம் யாரிடம் எதைச் சொல்லுவான்? வெந்த கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டதற்கெல்லாம் தலையாட்டினான். வழுக்கியதை நம்பியவர்கள் ஸ்டேஷனிலும் இல்லை, தெருவிலும் இல்லை.

தை மாதம் கையெழுத்துப் போட ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். உச்சிவேளை. காவலுக்கு இருந்த போலீஸ்காரன் தருமன், கையெழுத்துப் புத்தகத்தை நீட்டவில்லை. அவனைத் தனியாக, அவன் துப்பாக்கிகளும் இருந்த துப்பாக்கி அறைப் பக்கம் கூட்டிப்போனான். கதவில் பெரிய பூட்டு தொங்கியது.

"சாவி என்கிட்டதான் கீது. உள்ள ஒருத்தரும் இல்ல" என்று கிசுகிசுத்தான் தருமன். "ஆனா பத்து நாளா, இந்நேரத்துக்கு, ரெண்டு பொம்பளைங்க பேசிகினு இருக்காங்க. இன்னான்னுதான் புரில. நீயே கேளு."

சம்பந்தம் கதவில் காதை வைத்தான்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு, அவன் கேட்டறியாத ஒரு பெண்குரல், ரொம்ப ஆதரவாக:

"உன்ன அடிச்சது யாரும்மா?"

உள்ளே வளையல் அசைந்தது.

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் ஜெயம் புருஷன் பேரை ஒரு தரம்கூட வாயால் சொன்னதில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து, நிதானமாக, எழுத்து எழுத்தாக, இப்போது அதைச் சொன்னாள்.

தருமனுக்கும் கேட்டது.