தூளியின் எடை

அப்பாவைப் படுக்கையிலிருந்து ஒரு சாண் தூக்கியதும் மெஷின் முனகிக்கொண்டே நின்றது. நேற்றும் இதே உயரத்தில்தான் நின்றது. ஆனால் நேற்று இருந்தது பழைய பேட்டரி. இன்று இருப்பது புத்தம் புதுசு, சற்றுமுன்தான் அவளே கொண்டுவந்து மாட்டியது.

“வெளங்கிடும்,” என்று பல்லைக் கடித்துக்கொண்டு இறக்கும் பட்டனை அழுத்தினாள். நான்கு கொக்கிகளில் மாட்டியிருந்த துணி மெல்லத் தளர்ந்து அப்பாவை மெத்தையில் விட்டது. அந்தத் துணிக்கு ஆஸ்பத்திரியில் ஏதோ பெயர் சொன்னார்கள். வீட்டில் அது தூளி. பக்கவாதத்தில் பேச்சும் வலது பக்கமும் போன பிறகு, அப்பா நாற்காலிக்குப் போவதும் படுக்கைக்குத் திரும்புவதும் அந்தத் தூளியில்தான்.

கோபமெல்லாம் அண்ணன் மேல். அவன் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி. போன வாரம் வந்தவன், மெஷின் சும்மா நிற்கும்போது மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, “இருபத்தஞ்சு வோல்ட் காட்டுது. பேட்டரி கல்லு மாதிரி இருக்கு. உனக்குத்தான் ஓட்டத் தெரியல,” என்றான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “முடியலேன்னா சொல்லு. அடுத்த வாரமே ஹோம்ல சேத்துடலாம்,” என்றும் சொன்னான். ஏதோ பழைய பீரோவைக் கடையில் போடுவது போல. அப்பாவை அப்படி விட்டுவிடுவதாக இல்லை அவள்.

சும்மா இருக்கும்போது எந்தப் பேட்டரிதான் நல்ல பேட்டரி இல்லை? பேட்டரிக் கடையின் புகார் கவுண்டரில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் அவள் வாய் வலிக்கச் சொல்வது இதைத்தான். பேட்டரிக்குள்ளேயே ஒரு தடை இருக்கிறது. வேலை கொடுக்காதவரை அது வெளியே தெரியாது. மோட்டார் கரண்ட் இழுக்க ஆரம்பித்ததும் வோல்டேஜில் ஒரு பங்கை அந்தத் தடையே தின்றுவிடும். எடை கூடக் கூட மோட்டார் அதிகம் இழுக்கும், வோல்டேஜ் இன்னும் சரியும். பேட்டரி பழசானால் உள்தடையும் கூடும், கேட்கவே வேண்டாம். அண்ணனைப் பற்றியும் அவளுக்கு இதே அபிப்பிராயம்தான்.

ஆனால் இந்தப் பேட்டரியைக் கடையிலேயே லோடு கொடுத்துச் சோதித்துத்தான் எடுத்திருந்தாள். அவள் மீட்டரின் ஒயர்களைப் பேட்டரியோடு சேர்த்துக் கவ்வவிட்டாள். தூளியை அப்பாவின் அடியிலிருந்து உருவி, வெறுமனே தூக்கிப் பார்த்தாள். இருபத்தைந்திலிருந்து எண் அசையவே இல்லை. பிறகு தானே அதில் ஏறி உட்கார்ந்தாள். எழுபது கிலோ. கொஞ்சம் சரிந்தது, அவ்வளவுதான். அவளைக் குழந்தையைப் போலத் தூக்கிவிட்டது. அப்பாவோ எலும்பும் தோலும், நாற்பது இருந்தால் அதிகம்.

மறுபடி அப்பாவைத் தூளியில் கிடத்திப் பட்டனை அழுத்தினாள். இருபத்து நான்கு. இருபத்து மூன்று. மோட்டார் தொண்டை கட்டியது போல முனகியது. இருபத்திரண்டு. அதற்குக் கீழே இறங்கினால் மெஷின் தானாகவே அணைந்துவிடும். டிக்கென்று நின்றது.

ஜன்னலில் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. அறையில் எப்போதும் இருக்கும் பவுடர் வாசனைக்கும் ரப்பர் விரிப்பின் சூட்டு வாசனைக்கும் அடியில், நாள்பட்ட ஈரத்துணியைப் பெட்டியில் வைத்துப் பூட்டியது போல வேறொரு வாடை இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. கொக்கிகள் கிறீச்சிட்டன. அந்தச் சத்தம் அடங்கிய பிறகும், அப்பாவின் கொறகொறவென்ற மூச்சோடு சேராமல், கொஞ்சம் பின்தங்கி, இன்னொரு மூச்சு கேட்டது.

அவரை இறக்கினாள். பயத்தைவிட ஆத்திரம்தான் முன்னால் வந்தது. அண்ணனைப் போனில் கூப்பிட்டாள்.

“அப்பாவைத் தூக்க முடியலண்ணா. அவர்கூட வேற ஏதோ இருக்கு. நீ உடனே வா.”

“மறுபடி ஆரம்பிச்சிட்டியா? மீட்டர் என்ன காட்டுது?”

“இப்போ சும்மா நிக்குது. இருபத்தஞ்சு.”

“அப்புறம் என்ன? சும்மா நொய்நொய்ங்காதே.” வைத்துவிட்டான்.

“நாசமாப் போ!” என்று போனைச் சுவரில் வீசினாள். அப்பா திடுக்கிடவில்லை. அவர் அவளைப் பார்க்கவும் இல்லை. கண்ணை ஓரத்துக்குத் திருப்பி, தன் வலது பக்கத்தை, சுவரோரத்தை, பார்த்துக்கொண்டிருந்தார். உணர்ச்சி இல்லாத பக்கம். யார் தொட்டாலும் அவருக்குத் தெரியாத பக்கம்.

அங்கே மெத்தை அமுங்கியிருந்தது. ஓர் ஆள் நீளத்துக்கு. அவரை ஒட்டி, அணைத்துப் படுத்தாற்போல.

எத்தனை நாளாக? ஒவ்வொரு ராத்திரியும் விளக்கை அணைத்துவிட்டுப் போனாளே. ஒவ்வொரு ராத்திரியும் அவர் வாயைத் திறந்து திறந்து மூடினாரே. தூக்கம் வரவில்லை போல என்று போர்வையை இழுத்துவிட்டுப் போனாளே.

“எழுந்திரு,” என்றாள் அந்தப் பள்ளத்தைப் பார்த்து. “எங்கப்பாவை விட்டு எழுந்திரு!”

பள்ளம் இன்னும் ஆழமாகியது.

இனி இந்தப் படுக்கையில் ஒரு நிமிஷம்கூட அவரை விடக்கூடாது. நாற்காலியில் உட்காரவைத்துத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போய்விட வேண்டும். நான்கு கொக்கிகளையும் இழுத்துச் சரிபார்த்தாள். அப்பாவின் இடது கை அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டது. பட்டனை அழுத்தினாள்.

தூளி இறுகியது. அப்பா எழும்பினார். நாலு விரற்கடை. ஒரு சாண்.

சுவரோரத்துப் பள்ளம் மெதுவாக நிரம்பியது. மெத்தை சமமானது. ரப்பர் விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

இருபத்து மூன்று. இருபத்திரண்டு. டிக்.

அந்தரத்தில் நின்றது. இறக்கும் பட்டனை அழுத்தினாள். அசையவில்லை. மறுபடி அழுத்தினாள். ஒன்றும் இல்லை. மோட்டார் ஓய்ந்ததும் மீட்டரில் எண் ஏறியது. இருபத்தைந்து. எல்லாம் நலம் என்பது போல.

கொக்கியைப் பிடித்து இழுத்தாள். விரல் கன்றியதே தவிர கழலவில்லை. திட்டினாள். அழுதாள். தோளைத் தூளிக்கு அடியில் கொடுத்து முட்டினாள். கல் மூட்டை போல அழுத்தியது.

அப்பாவின் இடது கை அவள் சட்டையில் இருந்தது. வலது கை அவர் மடியில் செத்துக் கிடந்தது.

தூளியின் உள்பக்கமிருந்து ஐந்து விரல்கள் துணியைப் புடைத்துக்கொண்டு நின்றன, அவள் கன்னத்துக்கு நேராக. பிறகு அவை துணிக்குள்ளேயே மேலே ஊர்ந்தன. அப்பாவின் விலாவைத் தாண்டின. தோளைத் தாண்டின. அவர் தொண்டைக்கு வந்து, நிதானமாக, ஒவ்வொன்றாக மடங்கின.