சிவப்பில் அச்சாகும் இடம்

பல்லைக் கடிக்கும் சத்தம் நிற்கவில்லை. அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள பழக்கம் அது. மனசுக்குள் எரிச்சல் மூண்டால் போதும், அந்தத் தெத்துப்பல் வாய் நறநறவென்று அரைக்கத் தொடங்கிவிடும். இப்போதும் தன் வாய்தான் என்று நினைத்துத் தாடையைத் தளரவிட்டாள். வாயைக்கூடத் திறந்து வைத்துக்கொண்டாள். சத்தம் அதுபாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலவறையில் அவளுக்கு வேலை. நோயாளியின் ஸ்கேனை வைத்து மண்டையோ ஈரலோ முப்பரிமாண பிரிண்டரில் அச்செடுத்துக் கொடுப்பாள். டாக்டர்கள் அதில் கத்தி வைத்துப் பழகிய பிறகுதான் ஆளைத் தொடுவார்கள். எலும்பு கண்ணாடி போல வரும், நோய் இருக்கும் இடம் மட்டும் சிவப்பில். மேல் மாடியில் தங்கைக்குப் பாராட்டு விழா. கைதட்டல் குழாய் வழியே இறங்கி வந்து, உருகிய பிளாஸ்டிக் வாடையோடு அறை முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது.

தங்கைக்கு வைரஸ் ஆராய்ச்சி. சதுப்பு நிலத்தை அழித்த இடங்களிலெல்லாம் காய்ச்சல் எப்படிக் கிளம்பியது என்று அவள் எடுத்துக்காட்டியதும் அரசாங்கம் சட்டத்தையே மாற்றியது. அன்றிலிருந்து ஆளாளுக்கு அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள். "பெத்த வயிறு குளுந்து போச்சுடி" என்று அம்மா போனில் சொன்னாள். நானும் அதே வயிற்றில்தானே பிறந்தேன் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

சொல்லாமல் விட்டது அது ஒன்று மட்டுமா? புது பிரிண்டர் வந்தால் தங்கள் ஆட்களில் ஒருவரின் ஸ்கேனைப் போட்டுச் சரிபார்ப்பது அங்கே வழக்கம். "என் தலையை எடுத்துக்கோக்கா. உள்ள ஒண்ணுமில்லன்னு நீதானே எப்பவும் சொல்லுவே" என்று சிரித்துக்கொண்டே போன மாதம் ஸ்கேனுக்குப் படுத்தாள் தங்கை. உள்ளே இருந்தது. இடது காதுக்குப் பின்னால், பட்டாணி அளவில் ஒரு முடிச்சு. விழா முடியட்டும், நல்ல நேரத்தைக் கெடுப்பானேன் என்று அக்கா தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சுத்தப் பொய். கொஞ்ச நாள் அது அங்கேயே இருக்கட்டுமே என்று இருந்தது அவளுக்கு. அவ்வளவு பொறாமை.

சத்தம் வந்த பக்கம் திரும்பினாள். பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் அதற்கு வேலை கொடுக்கவில்லை. பாதி எழும்பிய மண்டையின் தாடையைப் பார்த்ததும் அது தங்கையுடையது என்று தெரிந்துவிட்டது. சுவிட்சுக்குப் போன கை நடுவழியில் நின்றது. அந்த முடிச்சு எவ்வளவு வளர்ந்திருக்கும்? பார்த்துவிட வேண்டும் போலிருந்தது. கையை எடுத்துக்கொண்டாள்.

சிவப்பு ஏறியது. பட்டாணி இல்லை இப்போது. எலுமிச்சை அளவு. நடுவில் ஒரு பிளவு. பிளவுக்குள் வரிசையாக ஏதோ முளைத்து வந்தது.

பல்.

அதில் ஒன்று தெத்துப்பல்.

கதவு திறந்தது. பூங்கொத்தோடு தங்கை. அக்கா சட்டென்று பிரிண்டரை மறைத்து நின்றாள்.

"ஏங்க்கா மேல வரல? மேடையில முதல்ல உன் பேரைத்தான் சொன்னேன். அவ இல்லன்னா நான் படிச்சே இருக்க மாட்டேன்னு."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். இவளிடமா போய் மறைத்தோம்?

"கொஞ்ச நாளாவே இந்தப் பக்கம் ஒரே சத்தம்க்கா." தங்கை இடது காதைத் தேய்த்தாள். "தூக்கத்துல நீ பல்லைக் கடிப்பியே, அதே மாதிரி. இன்னிக்கு வலியும் சேந்துக்கிச்சு."

சொல்லிவிட வேண்டும். இப்போதே. நாளைக்குக் காலையிலேயே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போக வேண்டும். அக்கா வாயைத் திறந்தாள்.

காற்றும் எச்சிலுமாக ஏதோ குழறியது. ஒரு சொல்லும் உருப்படியாக வரவில்லை. நாக்கால் தடவிப் பார்த்தாள். மேலே. கீழே. வழவழவென்று வெறும் ஈறு.

"என்னக்கா, அழறியா?" என்று தங்கை அவள் தோளில் தலையைச் சாய்த்தாள், வலிக்கிற பக்கமாக.

அக்காவின் காதோரம் அந்தச் சத்தம். நறநறப்பு நின்றிருந்தது.

இப்போது அது நிதானமாக எதையோ மென்றுகொண்டிருந்தது.