கட் சொல்ல மறந்த ஷாட்

கீழே மூடிப்போன அச்சகம். மேலே, வாடகைக்கு ஆளே நிலைக்காத வீடு. படம் எடுக்கத்தானே, தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று சாவியைக் கொடுத்த வீட்டுக்காரர், படிக்கட்டில் கால்கூட வைக்காமல் கிளம்பிவிட்டார். ஏன் மேலே வரவில்லை என்று கேட்க டைரக்டருக்கு எங்கே நேரம்?

டைரக்டர் என்பது கூட்டாளி வைத்த கேலிப் பெயர். மற்றபடி, கல்லூரியில் சினிமாப் படிப்பு கடைசி வருஷம் படிக்கிற பையன்தான். குறும்படத்தின் தொடக்கக் காட்சியை மட்டுமாவது எடுத்துக் காட்டாவிட்டால் இந்த வருஷம் அம்போ. கேமரா பிடிக்கிற கூட்டாளிக்குக் கண்ணாடி கொஞ்சம் தடிமன், அதனால் அவன் சோடாபுட்டி.

திட்டம் சின்னதுதான். வீட்டுக்குள் நீளமான நடை. அதன் கோடியில் ஒரு கதவு. அதைத் திறந்துகொண்டு ஒரு பெண் நடந்து வந்து, தரையில் டேப் ஒட்டிய குறியில் நின்று, மெல்லத் தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். நடிக்கப் போவது டைரக்டரின் சொந்தத் தங்கச்சி. அன்றைக்கு அவளுக்குப் பரீட்சை. ஆளில்லாவிட்டால் என்ன, இருக்கிற மாதிரி வைத்து ஒத்திகை பார்ப்பது இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற காரியம்தானே. சோடாபுட்டி கேமராவை ஓடவிட்டான். டைரக்டர் வெறும் நடையைப் பார்த்துக் கையை ஆட்டினான்.

“ஆக்‌ஷன். வாம்மா, மெதுவா வா. அந்தக் குறியில நில்லு. நான் கட் சொல்ற வரைக்கும் அசையக் கூடாது. வேற யாரு வந்தாலும் இடத்தை விட்டுக்கொடுக்காத.”

சோடாபுட்டி விழுந்து விழுந்து சிரித்தான். அந்த நேரம் பார்த்து பேட்டரி செத்துப்போனது. சார்ஜ் போட வேண்டியது யார் என்று இருவரும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே கதவைப் பூட்டினார்கள். காலி நடைக்குக் கட் சொல்ல யாருக்குத் தோன்றும்?

மறுநாள் மதியம் தங்கச்சி வந்தாள். உன்னை நம்பித்தான் இவளை அனுப்புகிறேன் என்று அம்மா வாசல்வரை வந்து அவனிடம் சொல்லியிருந்தாள். ஜன்னலெல்லாம் வெயில். ஆனாலும் நடையில் ஊறிப்போன சுவரின் வாடை மூக்கை அடைத்தது. முந்தின நாள் அந்த வாடை இல்லை.

தங்கச்சி குறியில் ஒரு காலை வைத்தாள். சட்டென்று பின்னால் எடுத்துக்கொண்டாள்.

“அண்ணா, இங்க யாரோ நிக்கிறாங்க.”

கேமரா முன்னால் நடிக்கச் சொன்னால் இப்போதே ஆரம்பித்துவிட்டாயா என்று அவன் கடுகடுத்தான். சோடாபுட்டி சிரிக்கவில்லை. கேமராத் திரையைத் திருப்பிக் காட்டினான்.

முகம் எங்கே தெரிந்தாலும் அதைச் சுற்றி மஞ்சள் கட்டம் போடுகிற கேமரா அது. கட்டம் விழுந்திருந்தது.

குறியின் மேல். அங்கே யாரும் இல்லை.

சுவரில் ஏதாவது கறையாக இருக்கும், இந்த ஓட்டைக் கேமராவுக்கு இதே பிழைப்பு என்று டைரக்டர் தனக்கே சொல்லிக்கொண்டான். நாளைக்குள் படத்தைக் கொடுத்தாக வேண்டுமே. போய் நில்லு என்று அதட்டினான். பாவி, அதட்டியிருக்கக் கூடாது.

தங்கச்சி போய் நின்றாள்.

திரையில் இரண்டு கட்டம்.

ஒன்று அவள் முகத்தில். இன்னொன்று அவளுக்குப் பின்னால், அவள் தலைக்கு மேல் ஒரு முழம் உயரத்தில்.

உயரத்தில் இருந்தது குனிந்தது.

தங்கச்சி பறந்துபோய்ச் சுவரில் மோதினாள். எழுந்திருக்குமுன் மறுபடி மோதினாள். குதிகால் இரண்டும் தரையை விட்டுக் கிளம்பின. கத்த வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. கழுத்துச் சதையில் விரல் விரலாகப் பள்ளம் விழுவதை அண்ணன் கண்ணால் பார்த்தான். இடத்தை விட்டுக்கொடுக்காதே என்று சொன்னது யார்? அவனேதான்.

“கட்! கட்!”

அவள் பொத்தென்று விழுந்தாள். கட்டம் மறைந்தது. ஆளுக்கொரு பக்கம் அவளைப் பிடித்துக்கொண்டு, கதவைப் பூட்டக்கூட நிற்காமல் தெருவுக்கு ஓடிவந்தார்கள்.

தெருவில் வெயில் பளீரென்று அடித்தது. சோடாபுட்டி வண்டியை எடுக்க ஓடினான். அச்சகத்துப் படியில் உட்கார்ந்து தங்கச்சி மூச்சு வாங்கினாள். அண்ணனுக்கு அவள் முகத்தைப் பார்க்கவே கூசியது. எடுத்ததை முதலில் அழித்துத் தொலைப்போம் என்று, சோடாபுட்டி படியில் வைத்துவிட்டுப் போன கேமராவைத் திறந்தான்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கட் சொன்னால் நடித்தவர்கள் என்ன செய்வார்கள்? இடத்தை விட்டு வருவார்கள். எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க டைரக்டர் பக்கத்தில் வந்து நிற்பார்கள்.

ஊறிய சுவரின் வாடை வெயிலுக்குள் இறங்கி வந்தது.

அவன் தோளில் ஒரு முகவாய் அழுந்தியது. சில்லென்றிருந்தது.

“அடுத்த ஷாட் எங்க?”

அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். உயிரே போனாலும் வாயைத் திறப்பதில்லை என்று நின்றான். முகவாய் இன்னும் அழுந்தியது. எலும்பு வலித்தது.

தங்கச்சியின் போன் அடித்தது. அம்மாதான். அவள் அழுகையை விழுங்கிக்கொண்டு பேசினாள்.

“நேரா வீட்டுக்குத்தாம்மா வர்றோம்.”

தோளில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. வாடையும் இல்லை. அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. வா போகலாம் என்று தங்கச்சியின் கையைப் பிடித்துத் தூக்கினான். அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

“இருண்ணா. அம்மா லைன்ல இருக்கச் சொன்னாங்க. வாசக்கதவை யாரோ தட்டறாங்களாம், திறந்துட்டு வர்றாங்க.”