ஐந்தரைக் கட்டை ஸ்ருதி

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பாதி மெட்ராஸ் ஊரைக் காலி செய்த நாற்பத்திரண்டாம் வருஷக் கோடை. எங்கள் நாடகக் கம்பெனியும் கலைந்துபோனது. மேடையில் பாடிச் சோறு தின்ற எனக்குத் தொண்டையைத் தவிர வேறு சொத்து கிடையாது. கிராமபோன் கம்பெனியில் குரல் பார்க்கிறார்கள், புதுப் பாட்டு இருந்தால் நல்லது என்றார்கள். அதனால்தான் தேவராஜுலுவைத் தேடி அபிராமபுரம் போனேன்.

அவர் எங்கள் கம்பெனி ஆர்மோனிய வாத்தியார். பெண்டாட்டி ஜெயலக்ஷ்மி நெஞ்சு நோயில் செத்ததும் எங்களையெல்லாம் உதறிவிட்டு, தனியாகப் பாட்டுக் கட்டப்போகிறேன் என்று ஒரு காலி வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். பாவம், துக்கம் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நல்ல வெயில் நேரம். கதவு திறந்தே கிடந்தது. குண்டு பயத்தில் ஜன்னல்களில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்ததால் உள்ளே கும்மிருட்டு. முதலில் வாடைதான் வந்தது. நோயாளி பக்கத்தில் வைக்கும் எச்சில் கிண்ணத்தைக் கழுவாமலே விட்டால் வருமே, அந்த வாடை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"இன்னா வாத்தியாரே, வூடா இது? கழுவி எத்தினி நாளாச்சு?"

"உக்காரு புஷ்பம். பாட்டு ரெடியா கீது. இந்த மாதிரி ஒண்ணு நான் ஜென்மத்துல கட்டுனதில்ல."

ஆர்மோனியத்தில் ஸ்ருதி வைத்தார். ஐந்தரைக் கட்டை.

"எனக்கு நாலரை தானே? மறந்துட்டியா?"

"இது அஞ்சரையிலதான் நிக்கும்."

ஐந்தரை ஜெயலக்ஷ்மியின் ஸ்ருதி. அவளும் மேடையில் பாடியவள்தான். காரியம் ஆகவேண்டுமே என்று தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

வாசித்தார். மூன்று ஸ்வரம் மேலே எழும்பி, வழுக்கி இறங்கி, ஓர் இழுப்பில் நின்றது. அழகாகத்தான் இருந்தது, சனியன். நான் திருப்பிப் பாடினேன்.

வாய் நிறையக் கோழை.

என்னுடையது இல்லை. குளிர்ந்து, உப்புக் கரித்து, அடித்தொண்டையில் ஒட்டிக்கொண்டது. முற்றத்துக்கு ஓடிக் காறித் துப்பினேன். வெறும் எச்சில்தான் விழுந்தது.

"இந்த மெட்டு எங்க புடிச்சே?" என்று கிசுகிசுத்தேன்.

அவர் முகம் மலர்ந்தது.

"கடைசியில அவளால பேச முடியல. தண்ணி வேணும்னா இப்டித்தான் முனகுவா. இன்னா சுத்தமா ஸ்வரம் நிக்கும் தெரியுமா! எழுந்து போனா மெட்டு வுட்டுப் பூடும். உக்காந்து புடிச்சுக்கினேன்."

"தண்ணி?"

"மெட்டு முடியட்டும்னு இருந்தேன்."

 தூ! மனுஷனா இவன்? அவன் கையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

அந்தக் கை மடியில் இருந்தது. ஆர்மோனியத்தின் துருத்தி மூடிக் கிடந்தது.

மெட்டு மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

என் வாயிலிருந்து.

இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு மயிலாப்பூர் வரைக்கும் ஓடினேன். தெருக்குழாயில் வயிறு முட்டக் குடித்தேன். ஓங்கரித்து ஓங்கரித்துக் கண்ணில் நீர் வந்ததுதான் மிச்சம்.

அந்தக் கண்றாவிப் பாட்டைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்துகொண்டேன். கிராமபோன் கம்பெனிக்குப் போன அன்று பழைய முருகன் பாட்டு ஒன்றை, என் சொந்த நாலரைக் கட்டையில் பாடினேன். அறையில் நான் மட்டும்தான். மானேஜர் ஷரீஃப் சாயபு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டார். தொண்டை சுத்தமாகவே இருந்தது. அப்பாடா, பிழைத்தேன் என்று மூச்சு விட்டேன்.

சாயபு வெளியே வந்தார்.

"தப்பா எடுத்துக்காதம்மா, உன் குரல் சுமார்தான். கூடவே பாடுனாங்களே, அந்தம்மா யாரு? அவங்களுக்கு ஒப்பந்தம் போட்டுடறேன். பேரு இன்னா?"

யாருமில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஜெயலக்ஷ்மி" என்றது என் தொண்டை.

அவர் எழுதிக்கொண்டார்.