பொன்னுதுரையின் புறங்கை

பேய் என்று யாராவது வாயைத் திறந்தால் சிரித்துவிடுகிற ஆள் நான். 1943 நவம்பரில், ஒரு மழைநாள் பகலோடு அந்தச் சிரிப்பு போயிற்று.

அன்றும் வழக்கம்போல் குடையை மடக்கிக்கொண்டு காஜா பேராங் பகுதியிலிருந்த பட்டறைக்குள் நுழைந்தேன். வெளியாள் பார்க்கக்கூடாது என்று, ஊரைப் பிடித்திருந்த ஜப்பான்காரன் ஜன்னலுக்கெல்லாம் பலகை அடித்திருந்தான். பட்டப்பகலிலும் உள்ளே இருட்டுதான். அமில நெடி தொண்டையைக் கமறவைக்கும். லாரி பேட்டரிகளுக்கு மின்சாரம் ஏற்றும் சார்ஜர் பெட்டிகளைப் பழுதுபார்ப்பதும், அவை தாங்குமா என்று சோதிப்பதும் எங்கள் வேலை. எங்கள் என்றால் நானும், என் மனைவி கோகிலாவின் அண்ணன் பொன்னுதுரையும். ஆகஸ்டுக்குப் பிறகு நான் மட்டும்.

சோதனைக்கு ஒரு முறை உண்டு. பெட்டி ஒரு முழுநாள் நிற்காமல் ஓடவேண்டும். மணிக்கொரு தரம் அதன்மேல் புறங்கையை வைத்துச் சூடு பார்க்கவேண்டும். உள்ளங்கையை வைத்தால், மின்சாரம் கசியும்போது விரல்கள் பெட்டியை இறுகப் பிடித்துக்கொள்ளும். கையை எடுக்க முடியாது. கடைசியில், அந்தப் பெட்டி நிரப்பிய பேட்டரியில் விளக்கு எட்டு மணிநேரம் எரிந்தால், சோதித்தவன் பெயர் பொறித்த தகரவில்லையைப் பெட்டியில் தொங்கவிடுவோம். பெட்டி கெட்டுத் திரும்பினால் அந்தப் பெயர்க்காரன், போனவர் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்குப் போகவேண்டியதுதான்.

மச்சானுக்கு வலது கையில் சுண்டுவிரல் கிடையாது. லாரி விசிறியில் போய்விட்டது. ஈயத்தூசு படிந்த அவர் புறங்கை பட்ட இடத்தில் சாம்பல் நிறத்தில் மூன்று விரல் தடம் விழும். "பெட்டிக்கு விபூதிப் பட்டை போட்டாச்சா மச்சான்?" என்று கிண்டல் செய்வேன். அவரும் சிரித்துக்கொள்வார்.

ஆகஸ்டில் அவருக்கு மலேரியா. எழுந்திருக்கவே முடியவில்லை. வேலைக்கு வராதவனைத்தான் முதலில் சயாமுக்கு ஏற்றினார்கள். அவர் வந்து வேலை செய்ததாகக் காட்ட, நான் பழுதுபார்த்த ஒரு பெட்டியில் அவருடைய வில்லையைத் தொங்கவிட்டேன். அதோடு விட்டேனா? லாரி வந்துவிடும் என்ற அவசரத்தில் அதை ஆறே மணிநேரம் ஓட்டிவிட்டு, வேறொரு பெட்டியில் நிரப்பிய பேட்டரியை வைத்து விளக்கை எரித்துக் காட்டினேன். மச்சானுக்கு நல்லது செய்கிறேன் என்ற நினைப்பு வேறு.

மூன்றாம் நாள் அந்தப் பெட்டி கருகித் திரும்பி வந்தது.

அன்றுதான் மச்சான் தட்டுத்தடுமாறி வேலைக்கு வந்திருந்தார். அதிகாரி அவர் முகத்துக்கு நேரே வில்லையை ஆட்டினான். மச்சான் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோகிலாவுக்கு அப்போது எட்டு மாதம்.

"நான்தான் சோதிச்சுப் பாத்தேன்," என்றார்.

எனக்கு வாயில் கொழுக்கட்டை. லாரியில் ஏறும் முன் என் காதோரம் குனிந்து, "கோகிலாவப் பாத்துக்க மாப்ள. பெட்டிய மணிக்கொரு தரம் தொட்டுப் பாரு, மறந்துடாத," என்றார். அந்த முகத்தில் கோபமே இல்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

நவம்பரின் அந்தப் பகலில் ஒரே ஒரு பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. என் பெயர் வில்லை மேசைமேல் தயாராகக் கிடந்தது. ஒரு மணிக்கு நான் சூடு பார்க்கவில்லை. சோம்பல்தான், வேறென்ன.

இரண்டு மணி இருக்கும். பேட்டரிக்குள் அமிலம் கொப்பளிக்கும் சத்தம் நின்றது.

கூரைமேல் மழைச் சத்தமும் நின்றது.

காய்ச்சலுக்கு மச்சான் தடவிக்கொள்ளும் தைலத்தின் வாசம் வந்தது.

காலையில் நான் துடைத்து வைத்த பெட்டியின்மேல் மூன்று விரல் தடம்.

"சூடு, மாப்ள."

காதோரம்தான் கேட்டது. திரும்பினேன். யாருமில்லை. மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே கம்பிச்சுருளின் உறை கருகத் தொடங்கியிருந்தது. அப்படியே அனுப்பியிருந்தால் அடுத்த லாரியில் நான் ஏறியிருப்பேன்.

"என்னைத் திட்டுங்க மச்சான்," என்றேன். "கழுத்த நெரிங்க. என்னைய எதுக்குக் காப்பாத்துறீங்க?"

மழை மட்டும் மறுபடி கேட்டது. தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

தெங்கேராவில் எங்கள் வீட்டுக்கு எப்படி நடந்து வந்தேன் என்று தெரியாது. கோகிலா மூன்று தட்டுகளில் மரவள்ளிக்கிழங்கு வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது தட்டு அண்ணனுக்கு. எந்த நேரம் வந்தாலும் பசியோடுதான் வருவார் என்று தினமும் எடுத்து வைப்பாள். இரண்டு நாளாகக் காய்ச்சலில் கிடந்த எங்கள் குழந்தை தூளியில் தூங்கியது.

வாசற்படியில் நின்றபடியே ஆகஸ்டில் செய்ததைச் சொல்லிவிட்டேன். வில்லை, பேட்டரி, என் கொழுக்கட்டை வாய், எல்லாம். பட்டறையில் நடந்ததைச் சொல்ல மட்டும் நா எழவில்லை.

அவள் அழவில்லை. "அண்ணன் வரட்டும்," என்றாள். "அவரு கால்ல விழுங்க. அதுக்கப்புறம்தான் உங்ககூடப் பேச்சு."

பிறகு தூளியை விலக்கிக் குழந்தையைத் தொட்டாள்.

"காய்ச்சல் விட்டுருச்சு. யாரு விபூதி பூசுனது?"

நான் இன்னும் படியைத் தாண்டவில்லை.

அவள் குழந்தையின் நெற்றியை விரலால் தொட்டு முகர்ந்தாள். விபூதி இல்லை. ஈயத்தூசு. மூன்று விரல் தடம், சுண்டுவிரல் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக. சின்ன வயதில் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நடக்கப் பழகினாள்.

தூசு ஒட்டிய விரலோடு என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப அண்ணன் வரமாட்டாராங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அவள் மூன்றாவது தட்டை எடுத்து, கிழங்கைத் திரும்பச் சட்டியில் போட்டாள்.